ஃபார்வர்டு ஆடும் பெண்ணுக்கு ஜாமீன் யார்?

சந்தியா ரங்கநாதன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். போன மாசம் வரை எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஃபார்வர்டு ஆடியவர். அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற ஆள். ஊர் பண்ருட்டி. பண்ருட்டி என்றால் நமக்குப் பலாப்பழமும் முந்திரிக்கொட்டையும்தான் ஞாபகம் வரும். இனிமேல் இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் விளையாட்டு எழுத்தாளன் இல்லை. மூணாறு தோட்டத்தில் பிறந்து, கொழிஞ்சாம்பாறை அத்தை வீட்டில் தங்கி, சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்து, எங்கெங்கோ சுற்றி இப்போது நியூசிலாந்தில் வெலிங்டனில் ஒரு பேங்கில் கடன் மனுக்களைப் பார்க்கிற ஆசாமி. வயசு நாற்பத்தைந்தைத் தாண்டியாச்சு. ஓடினால் மூச்சு வாங்கும் :-)

ஆனால் கடன் மனு பார்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனு போட்ட ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை மட்டும் வைத்து நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம். முதல் போட்டுவிட்டு வருமானம் வரும் வரை நடுவில் கொஞ்ச காலம் இருக்கும். அந்தக் காலத்தை யார் தாங்குவார்கள்? ஜாமீன் யார்? அதைத்தான் முதலில் பார்ப்போம். சந்தியாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணில்தான் எல்லாம் தெரிந்தது. ஏன் தேடினேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் எங்கள் மலையைப் பற்றி.

மூணாறு என்றால் உங்களுக்கெல்லாம் பனியும் ஹனிமூனும்தான். தோட்டத்துக்காரனுக்கு மூணாறு என்றால் ஃபின்லே ஷீல்டு. ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி காலத்தில் 1941-ல் ஆரம்பித்த கால்பந்துப் போட்டி. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும். குண்டுமலை, செண்டுவாரை, நல்லதண்ணி, பெரியவாரை, கன்னிமலை என்று பெயர் சொல்லும்போதே எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஃபைனல் அன்றைக்கு லயத்தில் ஆள் இருக்காது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் மலையேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள்.

எஸ்டேட்டில் நல்லா ஆடுகிற பையனுக்குத் தனி மரியாதை. சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிராக்டிசுக்கு நேரம் கிடைக்கும். கேரளாவில் இதன் பெரிய ரூபத்தையும் பார்த்திருக்கிறேன். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017-ல் ஸ்டேட் பேங்க்கோடு சேருவதற்கு முன்பு அதற்கென்று ஒரு கால்பந்து அணி இருந்தது. இந்திய கேப்டனாக இருந்த வி.பி. சத்யன் கேரள போலீசில் ஆடிவிட்டுச் சென்னை இந்தியன் பேங்குக்கு வந்தவர். காலையில் மைதானம், அப்புறம் ஆபீஸ், மாசக் கடைசியில் சம்பளம். இப்படி ஆண்களுக்கு ஜாமீன் போட எஸ்டேட் இருந்தது, போலீஸ் இருந்தது, பேங்க் இருந்தது.

எங்கள் பெண்கள்? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கர் என்ற வார்த்தைக்கு மூணாறுப் பெண்களிடம் வேறு அர்த்தம் உண்டு. 2015 செப்டம்பரில் போனசுக்காக அவர்கள் ரோட்டில் உட்கார்ந்ததையும், பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்ததையும் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ரோட்டுக்கு வந்த அந்தப் பெண்கள் மைதானத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, சந்தியாவுக்கு வருவோம்.

1996-ல் பிறந்தவர். வளர்ந்தது கடலூரில் ஒரு அரசு விடுதியில். வீட்டுச் சூழ்நிலை அப்படி. விடுதியில் பெரிய அக்காக்கள் கால்பந்து ஆடி வெளியூருக்கெல்லாம் போய் வருவதைப் பார்த்து இவருக்கும் ஆசை. அங்கே எஸ். மாரியப்பன் என்று ஒரு கோச். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் விடுதிப் பிள்ளைகளுக்குப் பந்து ஆடக் கற்றுக்கொடுத்து, அந்த ஊரைப் பெண்கள் கால்பந்தின் ஊராகவே மாற்றிய மனிதர். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசனும் கடலூர்தான். அவர் தமிழ்நாடு போலீசில் சப் இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. கட்டாக்கில் ஃபைனல். எதிரே மணிப்பூர், அதாவது பெண்கள் கால்பந்தில் அசைக்க முடியாத ராட்சசர்கள். 2-1 என்று ஜெயித்தார்கள்.

அதே வருஷம் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீகில் கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணியே நேரடியாக ஆடியது. ஒரு மாவட்டத் தலைநகரின் பிள்ளைகள் தேசிய லீகில்! 2019 மே மாசம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. கோப்பையை வாங்கியபோது அந்த அணியில் சந்தியா இருந்தார். பிறகு கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவுக்கு மாறினார். 2023 மே 21, அகமதாபாத்தில் ஃபைனல். பெங்களூரின் கிக்ஸ்டார்ட் அணியை கோகுலம் 5-0 என்று அடித்துத் துவைத்தது. கோகுலத்துக்கு அது தொடர்ச்சியாக மூன்றாவது பட்டம். மலையாளிகள் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த அணியில் இந்துமதி, சந்தியா என்று இரண்டு கடலூர்ப் பெண்கள். எல்லையில் பிறந்த என்னைப் போன்றவனுக்கு இது தரும் சந்தோஷம் தனி. கேரளாவில் தமிழனா, தமிழ்நாட்டில் மலையாளியா என்று கேட்கப்பட்டே வளர்ந்தவன் அல்லவா.

இதில் என் பேங்க் மூளை பிடித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. இந்தக் கதையைப் பத்திரிகைகளில் "வறுமையை வென்ற வீராங்கனை" என்று எழுதுவார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. வறுமையில் நல்லா ஓடுகிற பிள்ளைகள் நம் ஊரில் லட்சம் பேர் உண்டு. அவர்களில் சந்தியா மேலே வந்ததற்குத் திறமையும் உழைப்பும் காரணம், சந்தேகமில்லை. ஆனால் படுக்க ஒரு பாய், மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், விடாமல் தினமும் வந்து நின்ற ஒரு கோச், தாண்டினால் ஆட ஒரு கிளப். பன்னிரண்டு வயசிலிருந்து இருபத்திரண்டு வரை இந்தச் சங்கிலி அறாமல் இருந்தது. அரசாங்க விடுதி ஜாமீன் போட்டது என்று வையுங்கள்.

இப்போது கொஞ்சம் ஜப்பானுக்குப் போய் வரலாம். பெண்கள் கால்பந்தில் ஆசியாவின் பெரிய வீடு அதுதான்.

கரினா மருயாமா என்று ஒரு ஜப்பான் ஃபார்வர்டு. 1983-ல் பிறந்தவர். டோக்கியோ மின்சாரக் கம்பெனி நடத்திய பெண்கள் அணியில் ஆடினார். ஆடினார் என்றால் அது மட்டும் இல்லை, அந்தக் கம்பெனியின் ஊழியர். வேலை பார்த்த இடம் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். ஆமாம், அதே ஃபுகுஷிமா. 2009 வரை அங்கே இருந்தார். 2011 மார்ச் 11 அன்று பூகம்பமும் சுனாமியும் வந்து அந்த நிலையம் என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். அவர் ஆடிய அந்தக் கம்பெனி அணியும் அதோடு நின்றுபோனது.

நான்கே மாதம் கழித்து ஜெர்மனியில் உலகக்கோப்பை. கால் இறுதியில் ஜப்பானுக்கு எதிரே போட்டியை நடத்துகிற ஜெர்மனி. முந்தைய இரண்டு உலகக்கோப்பைகளையும் வென்ற அணி. 90 நிமிஷத்தில் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில், 108-வது நிமிஷத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த மருயாமா ஓடிப் போய் ஓரத்திலிருந்து கோல் போட்டார். ஜெர்மனி வீட்டுக்குப் போனது. ஜப்பான் ஃபைனலில் அமெரிக்காவைப் பெனால்ட்டியில் வென்று உலக சாம்பியன் ஆனது. ஆசியாவிலிருந்து சீனியர் உலகக்கோப்பையை வென்ற முதல் நாடு, ஆண் பெண் இரண்டிலும் சேர்த்தே.

எனக்கு அந்தக் கோலைவிட அந்தச் சம்பளச் சீட்டுதான் பெரிசாகத் தெரிகிறது. ஜப்பான் தன் பெண்கள் லீகை 1989-ல் ஆரம்பித்தது. முழுத் தொழில்முறை லீக் 2021-ல்தான் வந்தது. நடுவில் முப்பது வருஷம் பெரும்பாலான பெண்கள் எங்காவது வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார்கள். கம்பெனிதான் ஜாமீன். நம்ம ஊர் பேங்க் ஆண்களுக்குச் செய்ததை அங்கே கம்பெனிகள் பெண்களுக்கும் செய்தன.

"நம்மால் முடியாது, அவர்கள் ஜப்பான்காரர்கள்" என்று யாராவது சொன்னால் ஒரு விஷயம் சொல்லுங்கள். 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நம் கோழிக்கோட்டில்தான் நடந்தது. இந்தியா ஃபைனல் வரை போய்த் தைவானிடம் 0-2 என்று தோற்று இரண்டாம் இடம். அப்போது ஜப்பான் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தைக்கூட ஆடியிருக்கவில்லை! அது 1981-ல்தான். 1983-லும் இந்தியா ஆசியாவில் இரண்டாம் இடம். அந்தக் காலத்து ஃபார்வர்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார்.

அப்புறம் என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை. இந்தியப் பெண்களுக்கென்று தேசிய லீக் வந்தது 2017-ல். ஜப்பானுக்கு 28 வருஷம் கழித்து. 2023 அக்டோபர் 26 அன்று தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் இந்தியா 0-7 என்று தோற்றது. சந்தியா இருந்த அணிதான். அந்த ஏழு கோலை அன்றைக்கு ஆடிய பதினொரு பெண்கள் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை. வட்டி கட்டாமல் விட்ட 28 வருஷம் அது. கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று நான் சொல்லவா வேண்டும்.

ஜப்பான் பெண்களின் ஆட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2023 ஜூலை 31, வெலிங்டன் ஸ்டேடியம், ஸ்பெயினுக்கு எதிராக. எலும்பைக் குத்துகிற குளிர். மகளும் நானும் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு போனோம். பந்து பெரும்பாலும் ஸ்பெயின் காலில்தான் இருந்தது. ஆனால் கோல் எல்லாம் ஜப்பானுக்கு: மியாசாவா இரண்டு, உவேகி ஒன்று, தனாகா ஒன்று, 4-0. அந்த ஸ்பெயின்தான் மூன்று வாரத்தில் உலகக்கோப்பையை வாங்கியது! என் மகளும் இங்கே ஒரு கிளப்பில் ஃபார்வர்டு. சனிக்கிழமை காலை கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, சந்தா கட்டுவது எல்லாம் நான். அவளுக்கு ஜாமீன் அப்பாவின் சம்பளம். அவள் நாளைக்கு ஆட்டத்தை விட்டாலும் ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது என் தங்கை மகள்.

மூணாறில் ஒன்பதாம் வகுப்பு. எஸ்டேட் பையன்களோடு ஆடிப் பழகியவள். காற்று மாதிரி ஓடுவாள். ஸ்கூல் பி.டி. சார் கூட்டிப்போய் செலக்‌ஷனில் கலந்துகொள்ள வைத்ததில், சமவெளியில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. போன மாசம் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, நீங்கதான் தாய்மாமன். அனுப்பவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. இவரு வேண்டாங்கறாரு."

பின்னால் மச்சான் குரல். "பொம்பளப்பிள்ளைய அவ்வளவு தூரம் விட்டுட்டு நாங்க எப்படிங்க தூங்கறது? நாளைக்குக் கால் ஒடிஞ்சு வந்தா யாரு பாக்கறது?"

மச்சான் கேட்டதில் தப்பே இல்லை. தோட்டத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலை இருக்கிற வரைதான் லயத்து வீடு. இரண்டு பேரும் ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எங்கே போவது? சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பெரியவள் ஒருத்தி படித்து ஒரு நிரந்தர வேலைக்குப் போனால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கூரை. அந்தப் பிள்ளையைத்தான் பந்தின் பின்னால் அனுப்பலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு "கனவைத் துரத்து" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேண்டாம், படிக்கச் சொல்" என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு மாசம் டைம் கேட்டேன். அந்த ஒரு மாசம்தான் சந்தியாவைத் தேடிப் படித்தது.

வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-ல் பெண்கள் லீக் கிளப்புகளுக்கு ஒரு விதி சொன்னது: ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். மாசத்துக்கு 26,666 ரூபாய். லீகுக்கு அப்போது திட்டமிட்டது எட்டு அணி. எட்டு பத்து எண்பது. நாடு முழுவதற்கும் உறுதியான இடம் எண்பதுதான். இந்த எண்பதில் ஒருத்தியாக வருவாள் என்று நம்பி ஒரு குடும்பத்தின் கூரையை அடமானம் வைக்க முடியாது. முழங்கால் விஷயம் வேறு. லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பத்தொன்பது வயசில் அது நடந்தால் கதை முடிந்தது.

ஆனால் இந்துமதியின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அவருக்கு கிளப் சம்பளம் ஒரு பக்கம், போலீஸ் வேலை ஒரு பக்கம். பந்து அவரை ஒரு நிரந்தர வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. காலேஜ் சீட், போலீஸ், ரயில்வே என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிற இடங்கள் எல்லாம் மாநில அளவில் ஆடியவளுக்கும் திறக்கும். இந்தியாவுக்கு ஆடியே ஆக வேண்டும் என்றில்லை. அதாவது நட்சத்திரம் ஆகாமல் போனாலும் முதல் திரும்பி வர வழி இருக்கிறது, படிப்பு நடுவில் நிற்காமல் இருந்தால்.

ஆகவே மருமகளுக்குத் திறமை இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அது அவள் பாடு, கோச் பாடு. விடுதியைப் பற்றித்தான் கேட்கச் சொன்னேன். தங்கையும் மச்சானும் ஒரு நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து நேரிலேயே போய் வந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பிளஸ் டூ வரை ஸ்கூல் நிற்காமல் நடக்குமா? இதுவரை தமிழ் மீடியத்தில் படித்தவள், மலையாளம் பேசுவாள், எழுதத் திணறுவாள். அதற்கு யார் உதவுவார்கள்? வார்டன் பெண்ணா, ராத்திரி அங்கேயே தங்குகிறாரா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ஐந்து வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் மச்சானை அசைத்தது. பழைய பிள்ளைகளில் சிலர் காலேஜில், இரண்டு பேர் போலீசில், ஒருத்தி ஸ்கூலில் பி.டி. டீச்சர். "இந்தியா டீமுக்கு யாரும் போகல, ஆனா யாரும் சும்மாவும் இல்லீங்க" என்றார். செலவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் பாதிதான் திருப்தி. சின்ன அடிக்கு அவர்கள், பெரிய ஆபரேஷன் என்றால் வீட்டார்.

அந்தப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அவள் பெயரில் மாசம் 5,000 ரூபாய் ஆர்.டி. ஐந்து வருஷத்தில் அசல் மட்டும் 3,00,000. லீக்கின் குறைந்தபட்ச வருஷச் சம்பளத்துக்கு இருபதாயிரம் குறைவு. முழங்கால் போனால் ஆபரேஷனுக்கு, போகாவிட்டால் காலேஜுக்கு. என் மனைவியிடம் சொன்னபோது, "இங்க ஒருத்திக்குக் கட்டறோம், அங்க ஒருத்திக்குக் கட்டக் கூடாதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மருமகளே பேசினாள். "மாமா, பிளஸ் டூல மார்க் கொறஞ்சா நீங்க கூப்பிடவே வேண்டாம், நானே வந்துர்றேன். ஆனா ஆட விடுங்க." கோல் போடுவேன், இந்தியாவுக்கு ஆடுவேன் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

காலமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூனில் மங்கோலியாவை இந்தியா 13-0 என்று வென்ற ஆட்டத்தில் நீலேஸ்வரத்துப் பெண் பி. மாளவிகா ஒரு கோல் போட்டார். பல வருஷம் கழித்து சீனியர் அணிக்குப் போன கேரளப் பெண். ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, தகுதிச் சுற்று ஆடியே ஆசியக் கோப்பைக்குள் முதல்முறையாக நுழைந்தது இந்தியா. போட்டிக்குக் குலுக்கிப் போட்டபோது விழுந்த பிரிவில் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பான்தான் :-)

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் ஊரில் அக்கா பிள்ளை, தங்கை பிள்ளை, சித்தப்பா பேத்தி என்று யாராவது ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். நாம் லீவுக்குப் போகும்போது அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிப் போவது சுலபம். போட்டோவும் நல்லா வரும். அவள் போய்ச் சேரப்போகிற இடத்தில் சோறும் படிப்பும் ஆஸ்பத்திரியும் எப்படி என்று ஒரு போன் போட்டு விசாரியுங்கள். முடிந்தால் ஒரு ஆர்.டி. போடுங்கள்.

வருகிற ஜூனில் மருமகள் மலை இறங்குகிறாள். டிரங்குப் பெட்டி வாங்கியாச்சு. மச்சான் அதில் அவள் பெயரைப் பெயின்டில் தானே எழுதியிருக்கிறாராம், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.